மிருதங்கம் வலந்தலை மூட்டு மாற்றுவது, சுருதி சேர்ப்பது: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோ_வாணி:
எல்லாருக்கும் வணக்கம். மகன் மிருதங்கம் பழகுகிறான். ஐந்து கட்டைச் சுருதி (மேற்கத்திய முறையில் G), 22 அங்குலம், பலாக்கட்டை, சென்னையில் வாங்கியது. பழைய முறைப்படி வார் (நீளத் தோல்பட்டை) இழுத்துக் கட்டியது, நட்டு போல்ட் இல்லை. ரொறன்ரோவில் குளிர் தொடங்கினதில் இருந்து வலந்தலை, அதாவது வலது கைப் பக்கத் தலை, சரியாகப் பேசுவதில்லை. "நம்" என்ற அடியை வாசித்தால் ஒரு இடத்தில் சுத்தமாகக் கேட்குது, கொஞ்சம் உருட்டி வைத்து வாசித்தால் நாதம் நடுங்குது. அதோடு நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம், கரணை, ஓரத்தில் பொடிப் பொடியாகக் கழன்று வருது. தோல் போய்விட்டது, மூட்டு (தோல்களைப் பின்னலோடு சேர்த்துக் கட்டின முழுத் தலை) மாற்றவேணும் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். இங்கே மூட்டுக் கட்டுகிற ஆளைப் பிடிப்பது லேசில்லை. ஊரில் இருந்து ரெடிமேட் மூட்டு ஒன்றை எடுப்பித்து, காணொளி பார்த்து நாங்களே போடலாமோ? சரிவருமோ? தொப்பிப் பக்கம் (இடது தலை) ஒரு குறையும் இல்லை.

தஞ்சை_சாப்பு:
வாணி அம்மா, மூட்டில் கை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது, இரண்டுமே தோல் போனதற்கான அடையாளம் இல்லை. நாதம் நடுங்குவது சுருதி சுற்றிலும் ஒன்றாக நிற்காததால். பொடி உதிர்வது சாதம், அதாவது கரணையில் இருக்கிற கறுப்புப் பூச்சு, போனதால். சாதத்தை அதே தோலில் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். ஒரு நல்ல மூட்டு இப்படிப் பல தடவை சாதம் வாங்கும். தோல் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம் என்றால், மேலே வளையமாக இருக்கிற தோல், மீட்டுத் தட்டு, விரல் படுகிற இடத்தில் தேய்ந்து கிழிந்திருக்க வேண்டும், இல்லை உள்ளே இருக்கிற சாப்புத் தோல் கரணை ஓரத்தில் கீறியிருக்க வேண்டும், இல்லை தலையைச் சுற்றி ஓடுகிற பின்னலில் வார் நுழைகிற கண் (துளை) ஏதாவது பிய்ந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். கிழிசல் இல்லை என்றால் மூட்டு உயிரோடுதான் இருக்கிறது.

பார்த்துவிட்டு எழுதுங்கள், சுருதி சேர்க்கும் முறையை விவரமாகச் சொல்கிறேன்.

நியூஜெர்சி_தீம்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு "ஆளிடம் கொண்டு போங்கள்" என்பது கேட்க நல்ல ஆலோசனை, நடைமுறையில் உதவாது. நான் நட்டு போல்ட் மிருதங்கத்துக்கு மாறிவிட்டேன். ஊருக்குப் போகும்போது அதே வாய் அளவுக்குச் சாதம் போட்ட மூட்டை வாங்கி வந்து வைத்துக்கொள்வேன், ஒரு தலை போனால் ஸ்பேனரை எடுத்துக் கழற்றி மாற்றிவிட்டு ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி ஏற்றுவேன். மறுபக்கத்தைத் தொட வேண்டியதே இல்லை. வார் மிருதங்கத்தில் அது முடியாது, ஒரே வார்தான் இரண்டு பக்கக் கண்களிலும் ஏறி இறங்கி ஓடுகிறது, வலந்தலையைக் கழற்ற வேண்டுமென்றால் தொப்பியும் சேர்ந்து தளர்ந்துவிடும். வாணி அக்கா, உங்கள் மகன் தொடர்ந்து வாசிக்கப் போகிறான் என்றால் இந்தச் செலவை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

வார்பிடி:
நட்டு போல்ட் வசதிதான், மறுக்கவில்லை. வார் மிருதங்கம் வாசிக்கிற பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் கனமும் மாறும், மடியில் உட்காரும் விதமும் மாறும், நாதமும் மாறும். அதைக் கச்சேரிக்காரர்களே தீர்மானிக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வீட்டில் இதுதான் தொழில், அப்பாவுக்கும் தாத்தாவுக்கும். ரெடிமேட் மூட்டு என்கிறீர்களே, அது கடையில் வாங்கி மாட்டுகிற உதிரிப்பாகம் இல்லை. எப்படி வருகிறது என்று தெரிந்தால் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது தானாக விளங்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வலந்தலையில் தோல் மூன்று அடுக்கு. மேலே வளையமாகத் தெரிவது மீட்டுத் தட்டு, அது மாட்டுத் தோல். அதற்குக் கீழே முழு வட்டமாகச் சாப்புத் தோல், அது ஆட்டுத் தோல், சாதம் இதன் மேல்தான் உட்காருகிறது. அதற்கும் அடியில், கட்டை வாயின் விளிம்பில் படுகிற மாதிரி இன்னொரு வளையம். தொப்பிக்கு எருமைத் தோல் வரும், வாரும் எருமைதான். ஒரே மாட்டின் தோலில்கூட முதுகுப் பக்கம் ஒரு கனம், வயிற்றுப் பக்கம் ஒரு கனம். எந்த இடத்தில் வெட்டுவது, எந்தத் தோல் ஐந்து கட்டைக்குத் தாங்கும், எது ஒன்றரைக் கட்டைக்கு ஆகும் என்பதை அப்பா இரண்டு விரலுக்கு நடுவே நகர்த்திப் பார்த்தே சொல்லிவிடுவார். மேதை பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்று இன்றைக்கும் பேசுகிறோம், அதற்குப் பின்னால் அவருக்கு மிருதங்கம் கட்டிக் கொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்தின் கை இருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். வாசிக்கிறவர் காதில் இருப்பதைத் தோலில் கொண்டுவருவது பெரிய அறிவு. அதைக் கூலி வேலை என்று மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

ஊற வைத்த தோலை அடுக்கிப் பின்னலோடு சேர்த்துக் கட்டி, 16 கண் வழியாக வாரை ஓட்டி, ஈரம் இருக்கும்போதே ஒரு சுற்று இழுப்பார்கள். காய்ந்த பிறகு இன்னொரு சுற்று. தோல் முதலில் இளகிக் கொடுக்கும், அப்புறம் நின்றுகொள்ளும், அந்த நிலை வந்த பிறகுதான் சாதம். அவசரப்பட்டு முன்னாடியே சாதம் போட்டால் தோல் பின்னால் இளகும்போது சாதம் பிளந்துவிடும். கண்காணாத இடத்திலிருந்து வரவழைக்கிற மூட்டுகளில் பெரும்பாலும் இதுதான் வினை.

சாதம் என்பது வெந்த சோறும் கிட்டக்கல் என்கிற கறுப்புக் கல்லின் பொடியும் சேர்ந்த பசை. முதலில் வெறும் சோற்றுப் பசையை வட்டமாகத் தேய்த்து ஒரு பிடிப்பு உண்டாக்குவார்கள். அதன் மேல் கறுப்புப் பசையைக் கட்டைவிரலால் மெல்லிசாகப் பரப்பி, ஈரம் இழுக்க இழுக்க வழவழப்பான ஒரு கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த பூச்சு, வட்டம் கொஞ்சம் குறுகும். இப்படியே ஏறி ஏறி நடுவில் கனமாகவும் ஓரத்தில் சன்னமாகவும் முடியும். தேய்க்கிற தேய்ப்பில் பரப்பு முழுக்க மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு விழவில்லை என்றால் சாதம் ஒரே பாளமாக இறுகித் தோலை ஆடவிடாது. ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிப் பார்த்து, சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கவனித்து, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு பண்ணுவார்கள். அப்பா சாதம் போடும்போது பேச மாட்டார், காது முழுக்க அந்தக் கல்லிலேயே இருக்கும்.

ஆகவே, சுருதி சேர்ப்பது, தொப்பிக்கு ரவை வைப்பது, வாரைப் பாதுகாப்பது, குச்சி மாற்றுவது, இதெல்லாம் வாசிக்கிறவர் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். வார் பிடிப்பதும் (வாரை இழுத்து இறுக்குவதும்) சாதம் போடுவதும் மூட்டுக் கட்டுவதும் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டிய வேலை. காணொளியில் கை தெரியும். எவ்வளவு அழுத்தம் என்பது தெரியாது.

பௌதிக_வாத்தியார்:
வார்பிடி அவர்களுக்கு நன்றி, மயிரிழை வெடிப்பு பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நடுவில் கனம், ஓரத்தில் சன்னம் என்றீர்களே, சி. வி. ராமன் இதன் பின்னால்தான் போனார். 1920இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பு, அப்புறம் 1934இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் விரிவான கட்டுரை. சாதாரணமாக ஒரே கனத்தில் இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்துக்கு 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத மடங்குகளில் விழும், அதனால்தான் பெரும்பாலான தோல் வாத்தியங்களில் குறிப்பிட்ட சுரம் இது என்று பிடிக்க முடிவதில்லை. மிருதங்க வலந்தலையில் சாதத்தின் கனம் அவற்றை இழுத்து 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளில் நிறுத்துகிறது. ஒன்பது விதமான அதிர்வுகள் சேர்ந்து ஐந்து சுரங்களாக ஒடுங்குகின்றன என்று காட்டினார். ராமன் ஆய்வகத்தில் கண்டதை, யாரோ ஒரு கைவினைஞர் பல தலைமுறைக்கு முன்பே சோற்றையும் கல்பொடியையும் வைத்துக் காதால் கண்டுபிடித்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

வாணி அம்மாவின் நடுக்கத்துக்கும் இதில் விடை இருக்கிறது. "நம்" வாசிக்கும்போது மோதிர விரல் கரணை ஓரத்தில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல் மீட்டில் அடிக்கும். அப்போது விட்டத்தின் குறுக்கே ஒரு கோடு அசையாமல் நிற்க, இரண்டு பாதியும் எதிரெதிராக ஆடும். இழுவிசை சுற்றிலும் சமமாக இருந்தால் அந்தக் கோடு எந்தத் திசையில் விழுந்தாலும் சுரம் ஒன்றுதான். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றால் திசைக்கு ஒரு சுரம், இரண்டும் மிக அருகருகே, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் காதுக்கு அலை அலையாக நடுக்கம். உருட்டி வைத்தால் மாறுகிறது என்று அவர் சொன்னது இதையேதான்.

ஸ்காபரோ_வாணி:
எல்லாருக்கும் மிக்க நன்றி. டார்ச் பிடித்துப் பார்த்தோம். மீட்டுத் தட்டு கொஞ்சம் அழுக்கேறி மினுங்குது, கிழிசல் இல்லை. பின்னல் கண்கள் எல்லாம் நல்லாய் இருக்கு. சாதம்தான் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பொரிந்து போயிருக்கு. தஞ்சை_சாப்பு ஐயா, சுருதி சேர்க்கிற முறையை விளக்கமாகச் சொல்லுங்கோ. மகன் இதுவரைக்கும் தானாகக் கல்லைத் தொட்டதில்லை, வகுப்பில் ஆசிரியரே சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

தஞ்சை_சாப்பு:
அவனே தொடட்டும் அம்மா. சுருதி சேர்க்கத் தெரியாமல் எத்தனை கோர்வை வாசித்தும் பயன் இல்லை.

தேவையானது ஒரு கனமான உருண்டைக் கல், ஒரு கெட்டியான மரக்கட்டை, சுருதிப்பெட்டி. கைபேசியில் இருக்கிற தம்புராவும் போதும், ஆனால் ஊசி காட்டுகிற செயலியை முதல் கொஞ்ச நாள் பக்கத்தில் வைக்க வேண்டாம், காது சோம்பேறியாகிவிடும். வலந்தலை மேலே பார்க்கிற மாதிரி மிருதங்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். 16 கண்ணுக்கும் நேராக ஒவ்வொரு இடமாக "நம்" வாசித்துக்கொண்டே சுற்றி வரச் சொல்லுங்கள், அடிக்கிற பலம் மாறக் கூடாது. எந்த இடம் எல்லாவற்றையும்விட இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் கல்லை எடுக்கவே கூடாது. இறங்கின இடத்தில் பின்னலின் மேல் கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கி ஒரு தட்டு, சுரம் ஏறும். ஏறின இடத்தில் பின்னலின் அடியில் கட்டையைக் கொடுத்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு இடத்தைத் தட்டினால் நேர் எதிர்க் கண்ணும் கொஞ்சம் நகரும், அதனால் இங்கே தட்டிவிட்டு அங்கே கேட்க வேண்டும், பக்கத்துக் கண்ணுக்கு உடனே தாவக் கூடாது. முதலில் எல்லா இடத்தையும் ஒன்றுக்கொன்று சமமாகக் கொண்டுவாருங்கள், அந்தச் சுரம் ஐந்து கட்டையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சமமான பிறகு சுற்றிலும் ஒரே அளவு தட்டி ஷட்ஜமத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் நேராகச் சுருதியைப் பிடிக்கப் பார்த்து, கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே கண்ணைத் தட்டித் தட்டி மிருதங்கத்தையே கோணலாக்கிவிடுகிறார்கள்.

அடி கண்டிப்பாகப் பின்னலில்தான் விழ வேண்டும். கல் நழுவித் தோலில் பட்டால் நல்ல மூட்டு அந்த இடத்திலேயே போய்விடும். அப்புறம், ஐந்து கட்டைக்குக் கட்டியதை அரைக் கட்டைக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ பார்க்காதீர்கள்.

தொப்பிக்கு ரவை வைக்கிறீர்கள்தானே? நடுவில் முதலில் தண்ணீர் தொட்டுத் தடவிவிட்டு, பிசைந்த ரவையை வட்டமாக அப்பி, மந்தர ஷட்ஜம் பேசுகிற வரைக்கும் கூட்டிக் குறையுங்கள். கூட்டினால் இறங்கும், கிள்ளி எடுத்தால் ஏறும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தே உறையில் போட வேண்டும். காய்ந்த ரவைக்குக் கரப்பான்பூச்சி வரும், வந்தால் ரவையோடு தோலையும் அரித்துவிடும்.

கஞ்சிரா_பிரியன்:
இழை திசை மாறினால் மன்னிக்கவும். பரணில் தாத்தாவின் பழைய கஞ்சிரா (கையில் பிடித்து வாசிக்கிற சின்னத் தோல் வாத்தியம்) ஒன்று கிடந்தது, உடும்புத் தோல், நடுவே கிழிந்துவிட்டது. அதே தோலில் போட்டுத் தர யாராவது இருக்கிறார்களா?

வார்பிடி:
வேண்டாம் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். "என்னிடம் பழைய இருப்பு இருக்கிறது" என்று சொல்லி விற்க வருகிறவர்களிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மெல்லிய ஆட்டுத் தோலில் நன்றாகவே போடலாம், உள்பக்கம் தண்ணீர் தெளித்து இறக்கிக்கொள்கிற முறை அதற்கும் பொருந்தும். செயற்கைத் தோல் போட்டதும் கிடைக்கிறது. பலாச் சட்டம் நல்லா இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தாத்தாவின் நாதத்தில் பாதி அந்தக் கட்டையில் இருக்கும்.

நியூஜெர்சி_தீம்:
குளிர்காலம் பற்றி யாருமே சொல்லவில்லையே. வாணி அக்கா, வீட்டில் ஹீட்டர் ஓடும்போது காற்று ஒட்ட உலர்ந்துவிடும். தோல் சுருங்கிச் சுருதி தானாக மேலே போகும், சாதத்தில் மிச்சமிருக்கிற ஈரமும் போய் ஓரம் பொரியும், ரொம்ப மோசமானால் பலாக்கட்டையே வெடிக்கும். ஐப்பசி மழையில் சென்னையில் நடப்பதற்கு நேர்மாறு, அங்கே ஈரம் குடித்துத் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். மிருதங்கம் இருக்கிற அறையில் ஈரப்பதமூட்டி ஒன்று வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள், அளக்கிற சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கும். ஹீட்டர் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் கூடாது. வெளியே இருந்து வந்ததும் உறையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

ஐந்தரைக்கட்டை:
வார்பிடி அண்ணா குச்சி மாற்றுவதை வாசிக்கிறவரே செய்யலாம் என்றார், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மீட்டுத் தட்டுக்கும் சாப்புத் தோலுக்கும் நடுவே சன்னமான குச்சித் துண்டுகளைச் சுற்றிலும் செருகியிருப்பார்கள், அதுதான் குச்சி மிருதங்கம். அதற்குப் பதில் பொடிக் கற்களைப் போட்டிருந்தால் கப்பி. குச்சி நைந்துவிட்டால் அந்தக் கணீர் போய் அடைத்த மாதிரி கேட்கும், தோல் மேல் பழி விழும். பழையதை எடுத்துவிட்டு, அதே கனத்தில் காய்ந்த துடைப்பக் குச்சியை நறுக்கி, இடைவெளி சமமாக விட்டுச் செருகினால் சரியாகிவிடும். மீட்டை நெம்பித் தூக்காமல் செய்யணும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பழகுகிற பிள்ளைக்குக் குச்சிதான் நல்லது, விரல் சுத்தமாக விழுகிறதா இல்லையா என்பதை உடனே காட்டிக் கொடுக்கும்.

தஞ்சை_சாப்பு:
அதில் எனக்கு உடன்பாடில்லை. கப்பி படிந்து வர நாளாகும், ஆனால் படிந்த பிறகு சாப்பு என்கிற அடிக்கு ஒரு கனிவு வரும், அது குச்சியில் கிடையாது. ஆனால் வாணி அம்மாவின் கேள்வி இதுவல்ல, விடுவோம்.

ரீங்காரம்:
செயற்கைத் தோல் மிருதங்கம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு? பெங்களூரில் வரதரங்கன் உருவாக்கிய ஸ்ரீ மிருதங்கம் குளிர், மழை எதற்கும் அசையாது. பயணத்துக்கு அதை எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தோலுக்காக மாட்டைத் தேட வேண்டியதும் இல்லை.

வார்பிடி:
பயணத்துக்கும் வகுப்புக்கும் நல்ல கருவி, அதில் உழைத்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். மாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். நாம் கேட்டு வளர்ந்த கர்நாடக சங்கீதத்தின் தாளம் முழுக்க மாட்டுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் எருமைத் தோலிலும்தான் நின்றது. அந்தத் தோலைத் தொட்டுப் பதம் பார்த்தவர்களை வாசலோடு நிறுத்திவிட்டு, அவர்கள் கட்டிக் கொடுத்த வாத்தியத்தை மட்டும் பூஜையறையில் வைத்த வீடுகள் உண்டு. தோல் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் கைகளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை பாக்கி இருக்கிறது. நியாயமான கூலியும் பாக்கி இருக்கிறது, பேரம் பேசாமல் கொடுங்கள். கோபத்தில் எழுதவில்லை, மனதில் இருப்பதைச் சொன்னேன்.

ரீங்காரம்:
நீங்கள் சொல்வது சரி அண்ணா. அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை.

ஸ்காபரோ_வாணி:
மகனும் நானும் இருந்து 16 கண்ணையும் குறித்தோம். தொடர்ச்சியாக நாலைந்து கண் நல்லாய் ஏறிப்போய் இருந்தது, சாதம் பொரிந்த பக்கமும் அதுதான். ஹீட்டர் காற்று படுகிற பக்கமாகத்தான் அதை மூலையில் சாத்தி வைக்கிறவன். அடியில் கட்டை கொடுத்து மெல்ல மெல்லத் தட்டி இறக்கினான், எதிர்ப் பக்கத்தையும் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தான். நடுக்கம் முக்கால்வாசி நின்றுவிட்டது. பொரிந்த இடத்துக்கு நேரே மட்டும் இன்னும் கொஞ்சம் கரகரப்பு இருக்கு. மூட்டு வரவழைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டோம். யூலையில் பள்ளி விடுமுறைக்குச் சென்னை வருவோம், அப்போது கொண்டுவந்து சாதம் போடுவிக்கலாம். அதுவரைக்கும் வாசிக்கலாமோ? விமானத்தில் கொண்டுவர வாரைத் தளர்த்த வேணுமோ?

வார்பிடி:
தாராளமாக வாசிக்கட்டும். கரணையில் பெயர்ந்து நிற்கிற துண்டை நகத்தால் நோண்ட வேண்டாம், தானாக விழுவது விழட்டும், பசை எதையும் வைத்து ஒட்டவும் கூடாது, அப்புறம் சுரண்டும்போது சாப்புத் தோல் கையோடு வந்துவிடும். வியர்வைக் கையோடு வாசிக்க விடாதீர்கள், பக்கத்தில் ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

வாரைத் தளர்த்த வேண்டாம். சுற்றிலும் கல்லால் மேல்நோக்கித் தட்டி அரைக் கட்டை போல இறக்கிவிட்டு, இரண்டு தலைக்கும் மேல் கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி வைத்து, உறைக்குள் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். தொப்பியில் ரவை துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. சென்னை வந்ததும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், கிளம்புகிற நேரத்தில் கொண்டுவந்தால் சாதம் காய அவகாசம் இருக்காது. கொடுக்கும்போது ஐந்து கட்டை என்று மட்டும் சொல்லாமல் பையனையும் கூட அழைத்துப் போய் அவர் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள், கை எவ்வளவு அழுத்தம் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கனத்தை முடிவு செய்வார். வார் பிடிக்கணுமா என்பதையும் அப்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்.